ஆலிஸ் பெயரில் ஓர் அர்ச்சனை

இன்று காலை எங்கள் ஊர் காஜா பெராங் கோயிலில் ஒரு புயலுக்கு அர்ச்சனை நடந்தது.

பக்கத்து வீட்டு வள்ளியக்காவின் மகனுக்குக் கப்பலில் சமையல் வேலை. இப்போது மணிலாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். நேற்று ரேடியோவில், ஆலிஸ் என்ற புயல் ஊர்களைப் புரட்டிப் போட்டதாகச் சொன்னார்கள். விடிந்ததும் அக்கா தேங்காய்த் தட்டோடு கிளம்பிவிட்டார். துணைக்கு நான்.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"புயலுக்கு நட்சத்திரம் யாருக்கு சாமி தெரியும்? பேரு ஆலிஸ். கோபம் தணியணும்."

"கோத்திரம் கடல்னு போடுங்க சாமி," என்றேன். அக்கா முறைத்தார்.

திரும்பும் வழியில், மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு ஏற்றிய கொடியை இன்னும் இறக்காத காப்பிக் கடையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த கடைக்கார பாய் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"அந்த ஆலிஸ் அமெரிக்கா பக்கம்லா, அக்கா!"

அக்காவுக்கு உயிர் வந்தது.

பாய் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சிரிப்பு நின்றது.

"இங்க இன்னொரு ஆலிஸ் போட்டிருக்கான். மணிலா போற வழியில."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. உலகத்தின் இரண்டு ஓரங்களில், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், ஒரே பெயரில் இரண்டு பேர் சுழன்றுகொண்டிருக்கிறார்கள்!

அக்கா மறுபடியும் கோயிலுக்கு நடந்தார்.

"ஒரே பேருதானேம்மா, ஒண்ணு போதும்," என்றார் குருக்கள்.

"காலையில செஞ்சது எந்த ஆலிஸுக்குப் போச்சோ, சாமி! இதை மணிலா ஆலிஸுக்குன்னு சொல்லிச் செய்ங்க."

இந்தத் தடவை தட்டை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

மணிலா பக்கத்துச் சேதி தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள், அக்கா வாசலிலேயே நிற்கிறார். அமெரிக்காவில் இன்று காற்று அடங்கியிருந்தாலும் சொல்லுங்கள். அதற்கும் காரணம் எங்கள் அக்காதான்.