நடுக்கோட்டில் இரண்டு தூண்கள்

பல் செட் செய்கிறவருக்கு அருவருப்பு என்று ஒன்று இருந்தால் பிழைப்பு ஓடாது. பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அழுத்தி எடுத்த அச்சுகளை எச்சில்கூடக் காயாமல் அனுப்பிவைப்பார்கள். பழுது பார்க்க வரும் பழைய செட்டுகளின் இடுக்கில் முந்தின நாள் சாப்பாடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். நம் பல்செட்டுக்காரர் அதையெல்லாம் வெறுங்கையால் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "கையுறைன்னு ஒண்ணு எதுக்கு வாங்கி வெச்சிருக்கு?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு இந்தக் கோடையில் வயிற்றைக் குமட்டியது. குமட்ட வைத்தது ஒரு கூடைப்பந்துப் போட்டி.

கல்லூரிகளின் முன்னாள் மாணவர் அணிகள் கோடைதோறும் மோதிக்கொள்ளும் நாக் அவுட் போட்டி அது. ஒரு முறை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆரம்பித்தவர்கள் நல்ல மனிதர்கள். வயதானவர்களை ஓரம்கட்டிவிடக் கூடாது என்று இரண்டு விதிகளை எழுதிவைத்துப் போனார்கள். நாற்பது தாண்டிய ஒருவர் ஆட்டம் முடியும்வரை களத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது ஒன்று. நடுவர் கவனிக்கத் தவறிய விஷயத்தில், இரண்டு பக்கத்து மூத்தவர்களையும் கேட்டு அவர்கள் சொல்லையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. அந்த நல்ல மனிதர்கள் இன்று வந்து பார்த்தால் பேச்சு மூச்சு இல்லாமல் விழுந்துவிடுவார்கள்.

தம் கல்லூரிக்கு அணி சேர்த்தவர்கள் பல்செட்டுக்காரரும் அவருடைய நண்பர் மருந்துக்கடைக்காரரும்தான். விடுதியில் ஒரே அறை. இவர் நெட்டை, அவர் குண்டு. வெளியே உருளும் பந்துக்காகத் தரையில் விழுந்து புரளுவதில் இரண்டு பேரையும் மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு நாள் ஒரே பந்துக்கு இரண்டு பேரும் பாய்ந்ததில், நெட்டையின் முழங்கை இடித்துக் குண்டின் முன்பல் போய்விட்டது. பிற்காலத்தில் நெட்டை தொழில் கற்றுக்கொண்டு உருப்படியாகச் செய்த முதல் பல் அந்த வாய்க்குத்தான். கம்பிக் கொக்கி வைத்த ஒற்றைப் பல். ஈறு சுருங்கச் சுருங்க அதை மாற்றி மாற்றிச் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தார். அது பொய்ப் பல் என்று குண்டின் மனைவிக்கே வெகுகாலம் தெரியாது.

இந்த வருடம் அணிக்குள் ஒரு கட்டடக் காண்டிராக்டர் புகுந்தார். அதே கல்லூரியில் படித்தவர்தான், எதைப் படித்தார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. வந்த கையோடு பழைய ஆட்களைக் கழற்றிவிட்டு, கூலிக்கு ஆடும் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்னாள் மாணவர் அணியில் அவர்கள் எப்படி ஆட முடியும்? கோடை விடுமுறையில் கல்லூரியில் மெழுகுவர்த்தி செய்ய ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அதில் உட்கார்ந்து எழுந்தார்கள், முன்னாள் மாணவர்களாகிவிட்டார்கள். அவர்களில் நட்சத்திர ஆட்டக்காரனிடம் கல்லூரி வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால், போனை எடுத்து வரைபடம் பார்ப்பான்.

"அண்ணே, நீங்க மட்டும் இருங்க" என்றார் காண்டிராக்டர். "ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா நின்னாப் போதும். ஓடறதெல்லாம் பசங்க பாத்துக்குவாங்க."

"குண்டு?"

"நாற்பது தாண்டினவர் ஒரு ஆள் போதும்ணே. நீங்கன்னா உயரம். போட்டோல எடுப்பா இருப்பீங்க."

அந்த இடத்தில் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் காண்டிராக்டர் புது ஜெர்சியை எடுத்து அவர் மடியில் வைத்தார். கல்லூரியின் பெயர், முதுகில் பழைய எண். அந்தத் துணிமேல் இருந்த ஆசையில் பல்செட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டார். குண்டிடம் சொல்ல நாக்கு எழவில்லை. வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்ட குண்டு, அதற்குப் பிறகு போன் பேசவில்லை. பல்செட்டுக்காரர் அந்த மருந்துக்கடை இருக்கும் தெருவையே தவிர்த்து, ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு கடைக்குப் போனார். போட்டி ஒரு வழியாக முடியட்டும், நேரே போய்க் காலில் விழுந்தாவது சமாதானம் பண்ணிக்கொள்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தார். எப்போது முடியும்? தோற்றால் முடியும். இவர்கள் தோற்கிற வழியாக இல்லை.

எல்லா அணிகளும் இதே சூழ்ச்சியைச் செய்திருந்தன என்பது முதல் ஆட்டத்திலேயே தெரிந்தது. ஒவ்வொரு அணியிலும் நாற்பது தாண்டிய ஒருவர் நடுக்கோட்டின் ஓரத்தில் நட்டுவைக்கப்பட்டிருந்தார். தூண் என்று பெயர். எதிரணித் தூணும் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். மற்றவர்கள் இரண்டு கூடைக்கும் நடுவே பறந்துகொண்டிருக்க, தூண்கள் முட்டிவலியையும் சர்க்கரையையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பந்து பக்கத்தில் வந்தால் காலை இழுத்துக்கொண்டு வழிவிட வேண்டும். அதுதான் ஒழுங்கான தூணுக்கு அழகு.

"ஒப்புக்குச் சப்பாணின்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள் மனைவி, முதல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது. "ஜெர்சி போட்டு இன்னிக்குத்தான் பாத்தேன்." அடுத்த ஆட்டங்களுக்கு அவள் வரவில்லை.

பல்செட்டுக்காரருக்கு அந்த அரங்கில் எல்லாமே குமட்டியது. வியர்வையை மறைக்கப் பீய்ச்சிய மலிவான வாசனை, பெஞ்சுக்கு அடியில் ஒட்டிவைத்த சூயிங்கம், வாய் கொப்பளித்துத் தரையிலேயே துப்பும் நட்சத்திரம், ஒவ்வொரு கூடைக்கும் "நம்ம கல்லூரிக் குடும்பம்!" என்று மைக்கில் அலறும் அறிவிப்பாளர். எந்தக் குடும்பம்? யாருக்கு யார் என்ன உறவு? எல்லாவற்றையும்விட, ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறையில் கழற்றிய தன் ஜெர்சியில் ஒரு சொட்டு வியர்வைகூட இல்லாமல் இருப்பது தாங்கவில்லை. மடித்து அப்படியே அலமாரியில் வைக்கலாம் போலிருந்தது. அடுத்தவர் எச்சிலைத் தொட்டவர், அந்தச் சுத்தமான துணியைத் தொடக் கூசினார்.

இப்படி வெற்றிமேல் வெற்றியாக இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பல்செட்டுக்காரர் வழக்கமான இடத்தில் போய் நின்றார். எதிரணித் தூண் மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் நின்றது.

குண்டு.

வேறொரு கல்லூரியின் ஜெர்சி. வயிற்றின்மேல் இழுத்துக்கொண்டு நின்றது.

"நீ எங்கடா இந்தக் காலேஜ்ல..." என்று ஆரம்பித்தார் பல்செட்டுக்காரர். பிறகு மெதுவாகக் கேட்டார். "மெழுகுவர்த்தியா?"

"தோட்டக்கலை" என்றார் மருந்துக்கடைக்காரர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "ரோஜா பதியம் போடறது எப்படின்னு சொல்லிக்குடுத்தாங்க."

"அரையிறுதிக்கெல்லாம் உன்னப் பாக்கலையே."

"அவங்க தூணுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. நேத்துக் கூப்பிட்டாங்க, நேத்தே வகுப்பும் முடிஞ்சுது. அன்னிக்கு நீ மட்டும் தலையாட்டலையா?"

பல்செட்டுக்காரர் அந்த ஜெர்சியை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நாளும் ஒருவன் மட்டுமாவது சுத்தமாக இருக்கிறான் என்று நினைத்திருந்தார். நினைத்து நினைத்து வெட்கப்பட்டதும் அவனை முன்னிட்டுத்தான். இப்போது வெட்கப்படக்கூட ஆளில்லை. ச்சே என்று வாய்விட்டே சொன்னார். குண்டும் ச்சே என்றார். இரண்டு பேரும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஆட்டம் கடைசி நிமிடத்துக்கு வந்தது. இரண்டு அணியும் சமம். கூடைக்கு அடியில் ஒரு தள்ளுமுள்ளு. அதிலிருந்து பிதுங்கிய பந்து தரையோடு தரையாக உருண்டு, நேராகத் தூண்களை நோக்கி வந்தது. ஒரு காலத்தில் இவர்கள் இரண்டு பேரும் பல் போனாலும் போகட்டும் என்று பாய்ந்த மாதிரிப் பந்து. சத்தம் கேட்டுத் திரும்பிய பல்செட்டுக்காரர் அதைப் பார்த்தார். குண்டும் பார்த்தார். இரண்டு பேரும் பழகின பழக்கத்தில் காலை இழுத்துக்கொண்டார்கள். பந்து அவர்கள் கால்களுக்கு நடுவே எதிலோ உரசிவிட்டு வெளியே போயிற்று.

விசில் ஒலித்தது. நடுவர் ஓடி வந்தார். "நான் பாக்கல. கடைசியா யார் மேல பட்டுது? மூத்தவங்க சொல்லுங்க."

யார் மேல் கடைசியாகப் பட்டதோ அவர் அணி பந்தை இழக்கும். அதனால் இந்தக் கேள்விக்கு அந்தப் போட்டியில் ஒரே பதில்தான். அவர்மேல் பட்டது என்று இவர் கையைக் காட்டுவார், இவர்மேல் என்று அவர் காட்டுவார். காண்டிராக்டர் பெஞ்சிலிருந்து எழுந்து, குண்டை நோக்கி விரலை நீட்டி நீட்டிச் சைகை செய்தார்.

"என் ஷூல பட்டுது" என்றார் பல்செட்டுக்காரர். பட்டதா என்று அவருக்கே தெரியாது. இந்தக் கண்றாவி முடிந்தால் போதும்.

"பொய் சொல்றான் சார். என் கால்ல பட்டுது" என்றார் குண்டு.

"நீ சும்மா இருடா. என் ஷூதான்."

"என் கால் எனக்குத் தெரியாதா?"

நடுவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பட்டது தன்மேல்தான் என்று இரண்டு பக்கமும் சண்டைக்கு நின்று அவர் பார்த்ததே இல்லை. கடைசியில், "ஜம்ப் பால்! நீங்க ரெண்டு பேருமே வாங்க" என்று கையைத் தூக்கினார்.

நடு வட்டத்தில் எதிரும் புதிருமாக நின்றார்கள். "தொடாம விட்டுருங்கண்ணே, பசங்க பாத்துக்குவாங்க!" என்று காண்டிராக்டர் கத்தியது காதில் விழுந்தது. நடுவர் எறிந்த பந்து மேலே போனது. பல்செட்டுக்காரர் எம்பினார். எதிரே குண்டும் சாமான்யமாக எம்பவில்லை. உள்ளங்கை பந்தில் பட்டது, உடனே முழங்கை எதிலோ பட்டது. பந்து ஒரு பக்கம் போக, இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவராகத் தரையில் விழுந்தார்கள். மற்றவர்கள் பந்தோடு ஓடினார்கள். விசில் கேட்டது, ஒரே கூச்சல் கேட்டது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை.

குண்டு வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். கம்பிக் கொக்கியோடு அந்தப் பல், எச்சில் நூல் இழுபட, துள்ளிக்கொண்டு வந்த நட்சத்திரத்தின் காலடியில் போய்க் கிடந்தது.

"ச்சீ! என்ன கருமம் இது!" என்று அவன் துள்ளி விலகினான். "யாராவது எடுத்துப் போடுங்கப்பா, வாந்தி வருது." எல்லாரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

பல்செட்டுக்காரர் முட்டியைத் தரையில் தேய்த்துக்கொண்டே போய் அதை வெறுங்கையால் எடுத்தார். கொக்கி வளையவில்லை. இந்தக் கோடையில் அந்த அரங்கில் அவர் அருவருக்காமல் தொட்ட பொருள் அது ஒன்றுதான். ஜெர்சியைப் பார்த்தார். முன்பக்கம் முழுக்க வியர்வையும் தரையின் அழுக்கும். அதன் ஓரத்திலேயே பல்லை அழுத்தித் துடைத்து நீட்டினார்.

"வாயத் திற."

குண்டு திறந்தார்.