பைலட்டின் கைகள்

யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் பைலட் வண்டியை எடுக்க மாட்டார். இறங்கி, சுற்றி வந்து, அதே கதவைத் திறந்து மெதுவாகச் சாத்திக் காட்டுவார். "உங்க வீட்டு பீரோவையும் இப்படித்தான் அடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்காருவார். டூட்டிக்கு நேரமாகிறதே என்று உள்ளே நர்சுகள் பல்லைக் கடிப்பார்கள். கடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

பைலட் என்பது நர்சுகள் வைத்த பெயர். எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய வேனை ஓட்டுகிறார். நர்சுகளையும் என்னைப் போன்ற லேப் ஆட்களையும் வீட்டு வாசலில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்குவது வேலை. சட்டைக் காலர் எப்போதும் விறைப்பாக நிற்கும். ஹாரன் அடிக்க மாட்டார். "அது கையாலாகாதவன் போடுற சத்தம்" என்பார். கண்ணாடியில் பொம்மை எதுவும் தொங்கக் கூடாது. ஓட்டும்போது பேச்சு கிடையாது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும், முந்தைய சிவப்பு விளக்கில் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். சாலையில் நெரிசல் இல்லாத நாட்களில் அவருடைய கதை எதுவும் முடிந்ததே இல்லை.

கோபக்காரர்தான். ஆனால் இந்த முறை அவருக்கு வந்த கோபம் எங்கள் எல்லோருக்கும் வந்திருக்க வேண்டிய கோபம்.

வேனின் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், கையில் பிடித்த மீன் மாதிரித் துடிக்கும். வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்கும். கூடவே முன்பக்கம் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். போக்குவரத்து இன்சார்ஜிடம் சொன்னார். வண்டி வழக்கமான ஒர்க்‌ஷாப்புக்குப் போய், சக்கரத்தில் ஈயத் துண்டு ஒட்டிக்கொண்டு திரும்பியது. வீல் பேலன்சிங் செய்தாயிற்றாம். ஆட்டம் நிற்கவில்லை. மறுபடி சொன்னார்; மறுபடி ஈயம். அப்புறம் முன்னால் இரண்டு புது டயர். புது டயரோடும் ஆடியது.

"சார், கோளாறு டயர்ல இல்ல," என்றார் பைலட். "டயரா இருந்தா நல்ல ரோட்டுலயும் வேகம் எடுத்தா ஆடணும். பிரேக்கா இருந்தா மிதிக்கறப்ப ஆடணும். இது பள்ளத்துல விழுந்து எழுந்தாத்தான் ஆடுது. அடியில ஏதோ ஜாயின்ட் தேஞ்சு போயிருக்கு. அவுத்துப் பாக்கச் சொல்லுங்க."

நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். இன்சார்ஜ் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வண்டி ஆடல பெரியவரே. உங்க கைதான் ஆடுது. வயசாச்சுல்ல?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பைலட் வண்டியை எடுத்தார். அன்று எந்தச் சிவப்பு விளக்கிலும் அவர் பேசவில்லை.

ஒருவன் குறையைச் சொன்னால் குறையைப் பார்க்காமல், சொன்னவனை ஏற இறங்கப் பார்க்கிற இந்தப் புத்தி எங்கிருந்து வருகிறது? இரும்பு தேய்ந்ததற்கு மனிதன் பதில் சொல்ல வேண்டுமாம். இன்சார்ஜின் அந்த ஒரு வாக்கியம் வார்டு வார்டாகப் போனது. ஏறும்போது நர்சுகள் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார்கள். பைலட் என்று கூப்பிட்டவர்கள்கூடப் பெரியவரே என்றார்கள்.

வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

"லேப்பு, கேட்டியா அநியாயத்த!" என்றார் என்னிடம். "என் பொண்டாட்டி முக்கா டம்ளர்தான் டீ ஊத்துறா. ஏன்டின்னா, சும்மாதாங்கங்கறா. சிந்திடுமாம்! மருமகன் போன் பண்ணி, போதும் மாமா, ரெஸ்ட் எடுங்கங்கறான். எனக்கு ரெஸ்ட் எழுதிக் குடுக்க அவன் என்ன டாக்டரா?"

அடுத்த விடுமுறை நாளில், ஆஸ்பத்திரிப் பின்கட்டில் நின்ற வேனுக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் அன்று டூட்டியில் இருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது வலது முன்சக்கரத்துப் பக்கம் ஜாக்கி ஏறியிருந்தது. அந்த அம்மாள் டிரைவர் சீட்டில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைலட் சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினார். டொக், டொக்.

"இப்ப பிரேக்க மிதி!"

"எதுங்க பிரேக்கு?"

"நடுவுல இருக்கறது! அழுத்தி மிதி, என்னை நினைச்சுக்கிட்டு மிதி."

அந்த அம்மாள் மிதித்தார். பைலட் மறுபடி ஆட்டினார். அதே டொக். "பிரேக் புடிச்சா சத்தம் நின்னா சக்கரத்து பேரிங். நிக்கல. அப்ப சக்கரத்தத் தாங்குற பால் ஜாயின்ட்தான்," என்றார் என்னைப் பார்த்து. பிறகு மனைவியை இறக்கி, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு மூட்டின் மேல் கையை வைக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தை அசைத்தார். பல் ஆடுவது போல உள்ளே இரும்பு ஆடுவது அந்த அம்மாளின் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"இது கழண்டுச்சுன்னா?"

"சக்கரம் அப்படியே படுத்துக்கும். வண்டி என் பேச்சக் கேக்காது."

 அந்த அம்மாள் மறுபடி சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். "யாராவது வந்து இதைத் தொட்டுப் பாக்கற வரைக்கும் நான் இறங்க மாட்டேன். இதுலயா அத்தனை பொண்ணுங்கள ஏத்திட்டுப் போனீங்க?"

கூப்பிட ஆள் போனது. இன்சார்ஜ் வந்தார், பேன்ட் அழுக்காகும் என்று குனியவில்லை. "பழைய வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும். நீங்க ஓட்டலேன்னா வேற டிரைவர் ஓட்டுவாரு," என்றார். சத்தம் கேட்டு வந்த, நர்சுகளுக்குத் தலைவியான மேட்ரன்தான் புடவையை ஒதுக்கிக்கொண்டு முட்டி போட்டு, மூட்டில் கை வைத்துப் பார்த்தார். எழுந்து, கையைத் துடைக்காமலே ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டார். "ஈயம் ஒட்டினவங்க யாரோ, அவங்களையே வரச் சொல்லுங்க."

வந்தவர்கள் அங்கேயே அவிழ்த்தார்கள். பால் ஜாயின்ட் தன் குழியை விட்டுக் கழன்று வரத் தயாராக இருந்தது. ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கிற டை ராட் முனையும் தேய்ந்திருந்தது. "இது எப்படி இவ்வளவு நாள் விழாம ஓடுச்சு?" என்று மெக்கானிக் கேட்டான்.  பைலட்டிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

புது உதிரிபாகங்கள் போட்டு, அலைன்மென்ட் பார்த்து, வண்டி பட்டுப் போல ஓட ஆரம்பித்தது. மறுநாள் காலை இன்சார்ஜும் எங்களோடு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். பெரிய பள்ளம் ஒன்றில் வண்டி இறங்கி, சத்தமில்லாமல் ஏறியது. இன்சார்ஜ் பின்னால் திரும்பி எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"என்ன பெரியவரே, கை சரியாயிடுச்சு போல!"

இந்த முறை ஒருத்தியும் சிரிக்கவில்லை.

பைலட் இண்டிகேட்டர் போட்டார். ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தார். பிறகு பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கைகளையும் இன்சார்ஜின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க சார். பாத்துட்டு, ஆடுனது கையா வண்டியான்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

கைகள் நடுங்கின. கோபத்தில் விரல் நுனி வரைக்கும் நடுங்கின. இன்சார்ஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பைலட் கைகளை மடக்கவில்லை.