சாம்பல் கோழியின் கறுப்புக் குஞ்சு

அழகுக்கோழி வளர்த்து விற்றவர்களுக்கு இது தெரியும்: கோழி கொத்தின புண் ஆறிவிடும், வாங்கினவர் கொத்தினது ஆறாது. பினாங்கில், ஜெலுத்தோங்கில், வீட்டுக்குப் பின்னால் பதினாறு கூண்டுகளில் நீலச்சாம்பல் நிறக் கோழிகள் வளர்த்தேன். வருடங்கள் பல ஆகிவிட்டன. அந்த நாட்களைப் பற்றிப் பேசினால் இன்றும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வேன். வயதாகிவிட்டது என்று மகள் நினைக்கிறாள். அது வயது இல்லை, கோபம்.

கூடையோடு வந்தவர்

கப்பித்தான் பள்ளிவாசல் பக்கம் துணிக்கடை வைத்திருந்த மரைக்காயர் ஒரு சாம்பல் சேவலும் சாம்பல் பெட்டையும் வாங்கினார். கொடுக்கும்போதே சொன்னேன்: "முதலாளி, இதுங்க குஞ்சுல பாதிதான் சாம்பலா வரும். மிச்சம் கறுப்பு, இல்லாட்டி அழுக்கு வெள்ளையில தீற்றல் விழுந்தது." "உங்க கைராசிக்கு எல்லாமே சாம்பலா வரும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்துக் கூடையோடு வந்தார். ஐந்து சாம்பல், மூன்று கறுப்பு, இரண்டு தீற்றல். நான் சொன்னதை நினைவுபடுத்தினேன். காதில் வாங்கவில்லை. தெருவே கேட்கும்படி கத்தினார்: "அப்பனும் சாம்பல், ஆத்தாளும் சாம்பல், குஞ்சு கறுப்பு! கலப்புக் கோழிக்குச் சாயம் பூசி வித்துட்டு, என்னை மடையன்னு நினைச்சீராய்யா?"

ஈரத்துணி

'சாயம்' என்ற அந்தச் சொல் எனக்கு முன்பே பாடாங் திடலுக்குப் போய்விட்டது. அங்கே நடந்த கோழிக்காட்சியில், பரிசு கொடுக்க வந்த வெள்ளைக்காரத் துரை என் சேவலின் முன்னால் நின்றார். ஈரத்துணி கொண்டுவரச் சொன்னார். அத்தனை பேர் பார்க்க இறக்கையை விரித்துத் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. சாராயத்தில் நனைத்து இன்னொரு முறை துடைத்தார். அப்போதும் வெள்ளைதான்.

மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன். துரை ஏதோ சொல்ல, பக்கத்தில் கணக்கெழுத நின்ற கிராணி தமிழில் சொன்னார்: "இவ்வளவு கெட்டியான சாயம் எந்தக் கடையில வாங்குனீங்கன்னு துரை கேக்கிறாரு."

சட்டிக்குப் போகாத பெட்டை

அதற்குப் பிறகு என்னிடம் கோழி வாங்க யாரும் வரவில்லை. விற்காத கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயரும் போயிற்று, பிழைப்பும் போகப்போகிறது என்று புரிந்தது.

நான் சாயம் பூசவில்லை என்பதற்கு ஒரு சாட்சி என் கூண்டிலேயே இருந்தது. எங்கள் தொழிலில் தீற்றல் விழுந்ததை யாரும் வைத்திருப்பதில்லை. நிறம் கெட்டதென்று அறுத்துவிடுவோம். என் மனைவி உயிரோடிருந்தபோது ஒன்றை மட்டும் அறுக்க விடவில்லை, தினமும் முட்டையிடுகிறதே என்று. கூண்டு போதாமல் அதைக் கறுப்புச் சேவலோடு அடைத்தேன். பொரித்த குஞ்சு அத்தனையும் சாம்பல்! நம்பாமல் மூன்று தடவை அடை வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதன்பின், சாம்பல் என்பது கறுப்பும் தீற்றலும் ஆளுக்குப் பாதி கொடுத்து உண்டாவது என்று புரிந்துகொண்டேன். சாம்பலோடு சாம்பல் சேரும்போது அந்தப் பாதிகள் மறுபடி பிரிந்துவிடுகின்றன. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

என்னைப்போலவே கோழி வளர்த்த சூசையிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அண்ணே, அண்ணி போனதிலிருந்து நீங்க சரியில்லை. அந்தக் கோழியைச் சட்டியில போடுங்க லா."

மரைக்காயர் வீட்டுக் கூண்டு

கடை நிறைய ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து மரைக்காயரிடம் போனேன். "என் கறுப்புச் சேவலையும் தீற்றல் பெட்டையையும் உங்க கொல்லையிலயே வைக்கிறேன். பூட்டும் சாவியும் உங்களோடது. ஒரு குஞ்சு சாம்பலா இல்லாட்டியும் என் கூண்டு பதினாறையும் உடைச்சிட்டு ஊரைவிட்டே போயிடுறேன்" என்றேன். வாழ்க்கையில் நான் குரலை உயர்த்தியது அன்று ஒருநாள்தான். அவர் ஒப்புக்கொண்டார்.

பெட்டை ஒன்பது குஞ்சு பொரித்தது. இறகு முளைக்கட்டும் என்று அவரே தவணை சொன்னார். முளைத்தபின் அன்று கடையில் இருந்தவர்களையே கூட்டிவந்து காட்டினேன். ஒன்பதும் நீலச்சாம்பல். மரைக்காயர் ஒவ்வொன்றாகத் தூக்கி, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார்: "பாத்தீங்களா, இந்த வித்தையைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டே எனக்கு மட்டும் மறைச்சு, அந்த உதவாத சாம்பல் ஜோடியை என் தலையில கட்டியிருக்காரு!"

ஒன்பது குஞ்சுகளையும், கேட்காமலே என் தீற்றல் பெட்டையையும் அவரே வைத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துவிட்டால், இந்தத் தொழிலைப் பற்றி நான் சொல்ல வேறொன்றும் இல்லை.