நுரையைத் துடைத்த கை

போடியில் நான் நடத்தும் நாய், பூனை மருத்துவமனைக்குக் கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் கடைசி வருடம் பயிற்சிக்கு வருவார்கள். கையுறை இல்லாமல் நாயின் வாயைத் தொட்டால் கத்தித் தீர்த்துவிடுவேன். என் வாய்க்குப் பயந்தே ஒழுங்காகப் போட்டுக்கொள்வார்கள்.

அன்று சாயங்காலம் ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து ஒரு பெண் நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். தோட்டத்தில் சுற்றுகிற நாயாம், தினமும் அவள் சோற்றில் பங்குக்கு வருமாம். அதன் வாய் நிறைய நுரை. வெறும் கையால் துடைத்துத் துடைத்துச் சேலையில் தேய்த்தாள். ஏலக்காய் எடுத்து எடுத்து அவள் விரல்கள் வெடித்திருந்தன.

“தோட்டத்துல மருந்து அடிச்சாங்களா?” என்றேன்.

“நேத்துத்தான் சார் அடிச்சாக.”

அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை. மருந்தடிக்கிற காலத்தில் மலையிலிருந்து நுரையோடு வரும் நாய்க்கெல்லாம் பூச்சிமருந்துதான் காரணம் என்பது என் முடிவு. பயிற்சிக்கு வந்திருந்த மாணவி தயங்கிச் சொன்னாள்: “சார், பூச்சிமருந்துன்னா கண்ணு பாப்பா சுருங்கியிருக்கணும். இதுக்குச் சுருங்கவே இல்ல. தாடை வேற தொங்குது.” வெறிநோயோ என்று சந்தேகப்படுகிறாள், புரிந்தது. புரிந்தும் எரிச்சல்தான் வந்தது.

“புஸ்தகத்த மூடிட்டு விஷத்துக்கு ஊசியப் போடும்மா. பேரு, ஊரெல்லாம் அப்புறம் எழுதலாம்.”

“பஸ்சு போயிரும் சார். ஞாயித்துக்கெழமை வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று அந்தப் பெண் ஓடினாள்.

மறுநாள் நாய் செத்தது. மூளையை ஆய்வுக்கு அனுப்பினோம். வெறிநோய்தான்.

எங்கள் கைகளில் உறை இருந்தது, அவள் கையில் இல்லை; நுரையில் இருக்கும் கிருமிக்கு அந்த விரல் வெடிப்பே வழி. அவளுக்கு உடனே தடுப்பூசி போட்டாக வேண்டும். நோய் வெளிப்பட்ட பிறகு வைத்தியம் என்று ஒன்று கிடையாது. பதிவேட்டில் அவள் பெயருக்கான இடம் காலியாக இருந்தது.

விடியற்காலையில் தோட்டத்து ஜீப்புகள் ஆள் ஏற்றும் இடத்தில் நானும் மாணவியும் போய் நின்றோம். சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என்று எல்லா ஊர்ப் பெண்களும் அங்கே இருந்தார்கள். நாயைத் தூக்கி வந்தவளை யாருக்கும் தெரியவில்லை. நாற்பது வயதிருக்கும், விரலெல்லாம் வெடித்திருக்கும் என்று அடையாளம் சொன்னேன். ஒரு ஜீப்பு ஓட்டுநர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“காய் எடுக்குற பொம்பளையில வெரலு வெடிக்காதவ யாருண்ணே இருக்கா?”

ஞாயிற்றுக்கிழமை இருட்டும் வரை மருத்துவமனையைத் திறந்து வைத்திருந்தேன். அவள் வரவில்லை.  

மாதங்கள் ஆகிவிட்டன. அவள் இப்போது எந்தச் சரிவில் காய் எடுக்கிறாள், எடுக்கிறாளா, எனக்குத் தெரியாது.