நான் கண்டெடுத்த மலைப்பாட்டு

என் நாற்பதுகளின் கடைசியில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டேன். கேட்டவர்களிடம் அறிவுத் தாகம் என்றேன். உண்மை வேறு. வசனகவிதை எழுதுகிறவனைக் கள்ளக்குறிச்சியில் யாரும் உட்காரச் சொல்வதில்லை. பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ இருந்தால் ஒரு நாற்காலியாவது இழுத்துப் போடுவார்கள் என்று நப்பாசை.

கல்வராயன் மலையின் வாய்மொழிப் பாடல்கள் என்பது ஆய்வுத் தலைப்பு. நெறியாளர் என்னைவிட வயதில் இளையவர். அவர் என்னை ‘சார்’ என்பார், நான் அவரை ‘மேடம்’ என்பேன். ஒருவரைக் கண்டு ஒருவர் எழுந்து நிற்பதிலேயே சந்திப்பில் பாதி போய்விடும். மீதிப் பாதியில் அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வர வேண்டும், இந்தப் பருவம் முடிவதற்குள் வராவிட்டால் பதிவு ரத்து.

வேலை சங்கராபுரத்தில் ஓர் அலுவலகத்தில். போகிற பஸ்ஸிலும் வருகிற பஸ்ஸிலும் போனில்தான் என் ஆராய்ச்சி. எனக்குத் தேடத் தெரியவில்லை. தேடுபொறியிடம் காதலியிடம் பேசுவது போலப் பேசினேன். ‘மலையின் மௌனத்தை முதலில் பாடியவள் யார்’ என்று தட்டினால், கரியாலூரில் தங்கும் விடுதி, அருவிக்குப் போகும் வழி, தம்பதியருக்குச் சலுகை என்று வந்தது. மேடத்திடம் புலம்பினேன்.

“சார், அதுகிட்டப் போயி உருகாதீங்க. ரெண்டு மூணு வார்த்தை போதும். சேர்ந்து வரணும்னா மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. ஒரு கட்டுரை கெடச்சா அடிக்குறிப்பப் பாருங்க. அதப் புடிச்சிக்கினு அடுத்ததுக்குப் போங்க.”

அப்படிப் போனதில் கதவுகள் திறந்தன. மின்னூலகங்கள், ஆய்வேட்டுக் களஞ்சியங்கள், பழைய புத்தகங்களின் மங்கிய நகல்கள். நகலெடுத்தவரின் கட்டைவிரல் பக்கத்தோடு சேர்ந்து பதிவாகியிருக்கும், சரியாக நான் தேடி வந்த வரியின் மேல். தரவிறக்கினேன், தரவிறக்கினேன், போன் மூச்சு முட்டும்வரை தரவிறக்கினேன். ஒன்றையும் முழுதாகப் படிக்கவில்லை. மலையோ அதுபாட்டுக்கு இருந்தது. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே நீலமாகத் தெரியும். வடக்கனந்தல் தாண்டினால் சாலை அதை நோக்கி ஏறத் தொடங்கிவிடும். நான் குனிந்து அதைப் போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை, பஸ் கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றபடி, அந்தப் பாட்டைக் கண்டேன். ஓர் இணையதளத்தில், மூடுபனிப் படத்தின் மேல், ‘கல்வராயன் மலைவாழ் மக்களின் தொன்மையான வாய்மொழிப் பாடல்’ என்ற தலைப்போடு:

*சாமை வெதச்சேன், மழை வரல.*
*மழை வந்தப்ப நான் இல்ல.*
*மலையே, எம்பேர நீயாவது சொல்லிக்கினு இரு.*

மயிர்க்கூச்செறிந்தது. எங்கோ கேட்டது போல, முன்பிறவியில் பாடியது போல இருந்தது. மேலும் தேடினேன், ஏற்கெனவே இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. போதாதா? மூன்று வரிக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். எங்கோ கேட்டது போன்ற அந்த உணர்வுக்குக் ‘கூட்டு நினைவு’ என்று பெயரிட்டேன். ‘எழுத்தறியா மனம் மட்டுமே எட்டக்கூடிய எளிமை’ என்றேன். ‘நவீனக் கவிஞர்கள் இதன் முன் கைகட்டி நிற்க வேண்டும்’ என்றும் எழுதினேன். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் ‘அரிய பாடல், ஆழமான வாசிப்பு’ என்று ஏற்றுக்கொண்டார். அச்சுக்கு முந்தைய படி திருத்தத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிழை கண்டுபிடிப்பதில், குறிப்பாக என்னுடையதை, அவளுக்கு நிகரில்லை. படிக்கக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“ஏங்க, இன்னாங்க இது? இது நீங்க எழுதினதாச்சே?”

“கட்டுரையா? நான்தான்.”

“கட்டுரை இல்லீங்க, பாட்டு. ரொம்ப வருசம் முன்னாடி கரியாலூரு போயிட்டு வந்தமே, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கினே வந்தீங்களே, வூட்டுக்கு வந்ததும் எழுதல? உங்க சிநேகிதர் நடத்தினாரே ஒரு பத்திரிகை, நாலு பேரு படிக்கறது, அதுலகூட வந்துச்சே.”

கீரையோடு சேர்ந்து நானும் வாடினேன். ஆமாம். அதை முகநூலில் வேறு போட்டிருந்தேன். யாரோ எடுத்து யாருக்கோ அனுப்ப, போகிற வழியில் என் பெயர் உதிர்ந்துபோய், மலை முளைத்திருக்கிறது.

“எழுத்தறியா மனமாம்,” என்றாள். தோள் குலுங்கியது. “அது மட்டும் சரியாத்தான் எழுதிக்கிறீங்க.”

மேடத்தை அழைத்தேன். நெடுநேரம் சிரித்தார், பிறகு மேடம் ஆனார்.

“உங்களுதுன்னு ஆதாரம் இருக்குதா சார்?”

“பத்திரிகை நின்னுபோச்சு மேடம். பழைய இதழ் எங்க இருக்குதோ. முகநூல் கணக்கு கடவுச்சொல் மறந்துபோச்சு.”

“மலைப்பாட்டுன்னு சொல்றதுக்கு ரெண்டு ஆய்வுக் கட்டுரை இருக்குது. உங்க பாட்டுன்னு சொல்றதுக்கு உங்க வூட்டம்மா மட்டும்தான் இருக்காங்க. கட்டுரையத் திரும்ப வாங்கினா இந்தப் பருவத்துக்குள்ள இன்னொண்ணு வர்றது கஷ்டம். யோசிச்சிக்கோங்க,” என்றார்.

யோசித்தேன். வாயை மூடிக்கொண்டால் பட்டம். ஆனால் நாளை ஒரு மாணவி என் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். என் பஸ் மயக்கத்தை ஒரு மலையின் துயரமாக அளந்து எழுதுவாள். மலைக்காரர்களின் வாயில் அவர்கள் பாடாத ஒன்றைத் திணித்தவனாக நிற்பேன். இது நேர்மை. இதனோடு இன்னொன்றும் இருந்தது: அவ்வளவு நல்ல வரி என்னுடையது என்று ஊருக்குத் தெரியாமல் போவதா? எது அதிகம் உந்தியது என்று இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன்.

இணையதளத்துக்கும் எழுதினேன். ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இது தொன்மையான பாடல். மறுப்பதற்கு ஆய்வுச் சான்று இருந்தால் இணைப்பை அனுப்பவும்’ என்று பதில் வந்தது.

அந்த இணைப்பை நானே உண்டாக்குவது என்று இறங்கினேன். ஒரு வரி எப்படிப் பெயரிழந்து வாய்மொழிப் பாடலாகிறது என்பதுதான் புதுக் கட்டுரை. பத்திரிகை நடத்திய சிநேகிதரின் பரணில் எலி மிச்சம் வைத்த ஓர் இதழ் கிடைத்தது. நல்லவேளை, என் பக்கம் அதற்குப் பிடிக்கவில்லை. பாட்டைப் பகிர்ந்தவர்களை ஒவ்வொருவராகப் பின்னோக்கித் தேடினேன், இரண்டு மூன்று வார்த்தைகளில், உருகாமல். பருவம் முடிய ஒரு வாரம் இருக்கையில் அதே ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. நடையைப் பார்த்தால் அதே மதிப்பீட்டாளர்தான்.

‘ஆய்வு முறை சிறப்பு. கட்டுரையை ஏற்கலாம். எனினும், எடுத்துக்கொண்ட பாடலின் கவித்துவம் மிகச் சாதாரணமானது. அதைப் புகழும் இடங்களை நீக்கவும்.’

மேடம் போனில் வாழ்த்துச் சொன்னார். பதிவு பிழைத்தது. மனைவி அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு முறை சத்தமாகப் படித்தாள்.

நீக்கினேன். மொத்தம் நான்கு பக்கம் போனது.