லீவில் பிறந்த பிள்ளைகள்

வளைகுடாவில், ருவைஸ் பிளான்டில் நான் டாக்குமெண்ட் கன்ட்ரோலராக இருந்தபோது எதிர் மேசையில் ஓர் இங்கிலாந்துக்காரர் இருந்தார். வெல்டிங் இன்ஸ்பெக்டர். எங்களுக்குள் அவரைத் துரை என்போம். துரைக்கான லட்சணம் ஒன்றும் அவரிடம் கிடையாது. அப்பா, தாத்தா எல்லோரும் கூலிவேலை பார்த்தவர்கள். அவரும் பதினாறு வயதில் வெல்டிங்குக்கு வந்தவர். வெள்ளைக்காரன் என்றாலே பங்களாவில் பிறந்தவன் என்று நினைத்திருந்தவன் நான். மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறப்பேன். அவர் காய்ந்துபோன சாண்ட்விச்சைக் கடித்தபடி லேப்டாப்பில் தன் வம்சாவளியைத் தேடுவார். இப்போது வேறு பிளான்டில், வேறு மேசையில் தனியாகச் சாப்பிடுகிறேன். அந்த மத்தியானங்களுக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. கூலிக்காரக் குடும்பத்துக்கு எதற்கு வம்சாவளி, சொத்தா பிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் பழைய பதிவேடுகளின் கிறுக்கல் அவருக்குப் பிடிபடவில்லை. மங்கிய ஸ்கேனைப் படிப்பதுதான் என் பிழைப்பு. இரண்டே நாளில் என் நாற்காலி அவர் மேசைக்குப் போய்விட்டது.

விஷயம் இதுதான். அவருடைய அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. முதியோர் இல்லத்தில் இருந்தார். அந்த அம்மாவின் அப்பாவை, அதாவது துரையின் தாத்தாவை, புருஷன் இல்லாத வீட்டில் பிறந்தவன் என்று சொல்லியே ஊர் வளர்த்திருக்கிறது. கொள்ளுத்தாத்தா பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு ஓடிவிட்டார், கடைசிப் பிள்ளை யாருக்குப் பிறந்ததோ என்று பேச்சு. கண்ணை மூடுவதற்குள் உண்மை தெரிய வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. "நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியணும்" என்றாராம்.

நூறு வருஷத்துக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த வீட்டுக்கு நேரே மனைவி, மூன்று பிள்ளைகள். புருஷன் பெயர் இல்லை.

"ஓடித்தான் போயிருக்கார்" என்றார் துரை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் என் பெயரும்தான் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறேன் என்று எடுத்துவிட்டார்கள். என் கொள்ளுப்பேரன் ஒருநாள் அதைப் பார்த்தால் நானும் ஓடிப்போனவன்தானா?

"பிள்ளைங்க பிறந்த தேதியைக் காட்டுங்க சார்" என்றேன்.

மூன்றுமே செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். வளைகுடாவில் வேலை பார்ப்பவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எங்கள் கேம்ப்பில் ஒருவன் தன் பிள்ளைகளின் பிறந்த நாளைச் சொன்னால் போதும், அவனுக்கு எந்த மாதம் லீவு என்று சொல்லிவிடுவோம். விரல்விட்டு எண்ணினேன்.

"கிறிஸ்துமஸ் லீவு சார். அவர் ஓடிப்போகலை. வெளியூர்ல வேலை பார்த்திருக்கார். லீவு கிடைச்சப்ப வந்திருக்கார்."

துரைக்குக் காது சிவந்துவிட்டது. பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அடுத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். தெரியாத ஊருக்கு எவனும் தனியாகப் போகமாட்டான், மச்சான் இருக்கிற இடத்துக்குத்தான் போயிருப்பார் என்றேன். மனைவியின் அண்ணன் பெயரைப் போட்டுத் தேடினோம். அதே கணக்கெடுப்பில், வடக்கே ஓர் அணை கட்டும் இடத்தில், மரக்கொட்டகை ஒன்றில், எட்டு ஆண்களோடு அகப்பட்டார். இரண்டாவது பெயர் மச்சான், ஐந்தாவது பெயர் கொள்ளுத்தாத்தா. மண் வெட்டும் கூலி, திருமணமானவர் என்று எழுதியிருந்தது. "எங்க ரூம் மாதிரியே இருக்கு சார்" என்றேன். எனக்கே சொந்தக்காரரைக் கண்டுபிடித்த சந்தோஷம்.

ஆனால் கணக்கெடுப்புக்கு அடுத்த வருஷம் பிறந்த நான்காவது பிள்ளைதான் துரையின் தாத்தா. அவர் பிறந்தது ஜூன் மாதம். கிறிஸ்துமஸ் கணக்குக்கு ஒத்துவரவில்லை. துரை லேப்டாப்பை மூடிவிட்டார். இரண்டு நாள் வெளியே போய்ச் சாப்பிட்டார்.

அந்த ஜூனுக்கும் எனக்கு விடை தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. எங்கள் அப்பா செத்தபோது எமர்ஜென்சி லீவில் பதினைந்து நாள் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். என் சின்ன மகள் அப்போது உண்டானவள். சாவுக்கு வந்தவன் செய்கிற காரியமா என்று ஊர் சிரித்தது. நான் இங்கே வந்துவிட்டேன். பேச்சையெல்லாம் என் மனைவி தனியாக வாங்கிக்கொண்டாள். அந்த மகளுடைய ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிடுவேன். துக்கத்தில் ஒரு மனுஷன் பெண்டாட்டி மடியைத் தேடுவது வெட்கப்படுகிற விஷயமில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ளத் தைரியம் இல்லை.

மூன்றாம் நாள் துரையிடம் முதல் தடவையாக இதை வாய்விட்டுச் சொன்னேன்.

"முந்தின செப்டம்பர்ல அந்த வீட்ல யாராவது செத்தாங்களான்னு பாருங்க சார்."

செத்திருந்தது. மூன்றாவது பிள்ளை, பெண் குழந்தை, நான்கு வயது. இறப்புச் சான்றிதழின் நகலுக்கு எழுதிப் போட்டோம், ஒரு வாரம் கழித்து மெயிலில் வந்தது. தொண்டை அடைப்பான். தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில்: தந்தை, இறக்கும்போது உடனிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் கையெழுத்துக்குப் பதில் கோணலாக ஒரு பெருக்கல் குறி. துரை அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணும் கலங்கிவிட்டது.

சாப்பாட்டு நேரத்திலேயே அம்மாவை வீடியோவில் கூப்பிட்டார். எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி, நகலைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்போ அவர் வந்திருக்கார்" என்றார். "எங்க அப்பா இது தெரியாமலே போயிட்டார்."

பிறகு, இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். துரை லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"என் சின்னப் பொண்ணும் அப்படிப் பிறந்தவதாம்மா" என்றேன்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

அந்த அம்மா என்னையே பார்த்தார். "எங்க அப்பாகிட்டயும் யாரும் சொல்லலை" என்றார்.

சாயங்காலம் டூட்டி முடிந்ததும் ரூமுக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்திலேயே நின்று மகளைக் கூப்பிட்டேன். அப்போது அவள் காலேஜில் இரண்டாம் வருஷம். சுற்றி வளைத்து, தட்டுத் தடுமாறி, தாத்தா செத்த அந்தப் பதினைந்து நாளைப் பற்றிச் சொல்லி முடித்தேன்.

"ஆறாவது படிக்கிறப்பவே ஸ்கூல்ல ஒருத்தி சொல்லிட்டாப்பா" என்றாள். "நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."