பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி

நாங்கள் குடியேறிய நகரில், டோர்செட் பார்க் பக்கம் ஒரு பழைய பண்டகசாலைக்குள் தடுப்புச் சுவர் கட்டியவன் நான். கூரை விளக்குகளுக்கு வயர் இழுத்ததும், பற்றறிகளைச் சார்ஜ் பண்ணும் மேசையை அடித்ததும் எட்டாம் வகுப்போடு நின்ற இந்தக் கைதான். பிளாஸ்ரிக் குண்டு சுடும் மின்சாரத் துப்பாக்கிகளை வாடகைக்குக் கொடுத்து விளையாட விடும் இடம் அது. தொண்ணூறுகளில் நானும் தங்கையின் புருஷனும் கூட்டாகத் தொடங்கினோம்.

திறப்பு நாள் காலையில் பாதித் துப்பாக்கிகள் சுடவில்லை. சனம் வந்து திரும்பிப் போனால் அன்றைக்கே கடையைப் பூட்ட வேண்டியதுதான். மச்சானோ பற்றறியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த கோளாறு அது ஒன்றுதான். நான் ஒன்றைக் கழற்றினேன். பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் செம்புக் கம்பி; விசையை இழுக்கும்போது ஒன்றையொன்று தொடும் தகடுகள் கரிந்து கிடந்தன.

“ஆர் உதைச் செய்தது?”

“நான்தான். பியூஸ் சும்மா சும்மா எரியுது. ஊரிலை கம்பி போட்டுத்தானே சமாளிச்சனாங்கள்.”

“உங்கடை அப்பர் வீட்டு மெயின் சுவிச் எரிஞ்சது மறந்துபோச்சோ, மச்சான்?”

மோட்டாருக்குப் போகும் வயர்களில் தோல் உரிந்திருந்தது. பியூஸ் எரிந்ததற்குக் காரணம் அதுதான். சுடாத எல்லாவற்றிலும் வயரை மாற்றி, தகடுகளை உரஞ்சி, புது பியூஸ் போட்டேன். சனம் வரமுதல் எல்லாம் சுட்டன.

மச்சான் ரிப்பன் வெட்டி, தனியாளாகக் கட்டி எழுப்பியதாகப் பேசினார். இன்றும் வாசல் பலகையில் அவர் பெயர் மட்டுமே. இதைக் கேட்டு எழுதுகிற நீங்களாவது என் பெயரையும் எழுதுங்கள்; அவருடையதற்குக் கீழே அல்ல, மேலே.